இருநூறாவது நாள் பொன்னாடை

வாங்க மேடம், உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, தரையெல்லாம் கிரவுண்டுல கோடு போடற சுண்ணாம்பு. அந்தச் சேர்ல மட்டும் உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இப்படி வாங்க, இதுல உக்காருங்க. லாரன்ஸ் சார் போன் பண்ணுனாரு, எங்க போதை மறுவாழ்வு இல்லத்துலருந்து ஒருத்தங்க வருவாங்க, கொஞ்சம் பேசுங்கன்னு. நாலு மணின்னு சொன்னாரு, நீங்களும் நாலுக்கு வந்துட்டீங்க. நேரத்துக்கு வர்ற ஆளுங்கன்னா எனக்கு ரொம்பப் பிடிக்குமுங்க. இருபத்தெட்டு வருஷமா இந்தக் காலேஜுல பி.டி. சார். விசிலும் ஸ்டாப்வாட்சும் தொங்கித் தொங்கி, இங்க பாருங்க, கழுத்துல கோடே விழுந்துபோச்சு.

நோட்டு எடுத்துட்டீங்க, நல்லது. எழுதிக்கங்க. குடியையும் மாத்திரையையும் விட்ட பசங்களுக்குக் காலேஜுக்குள்ளயே ஒரு கூட்டம் எப்படி நடத்தறதுன்னு கேட்டா, இந்த ஜில்லாவுல சொல்றதுக்கு என்னை விட்டா ஆள் இல்லீங்க. பெருமைக்குச் சொல்லல. ஒன்றரை வருஷம் நடத்திக் காட்டியிருக்கேன். இப்ப யாரும் வர்றதில்ல, அது வேற கதை. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பன்னெண்டு சேர் போட்டுத்தான் வெச்சிருக்கேன், எண்ணிப் பாத்துக்கங்க. புதன்கிழமை ஆச்சுன்னா வந்து பூட்டைத் தொறந்து, சேரைத் தொடச்சு, வட்டமாப் போட்டுட்டு, அதோ அந்த வாசல்ல நின்னு யார் வர்றாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ஒருத்தனும் வரமாட்டீங்கறான்.

பூபாலனைப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், இப்ப உங்க இல்லத்துலதானே இருக்கான். இருந்தாலும் நான் சொல்ற மாதிரி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

மெக்கானிக்கல் செகண்ட் இயர் அப்ப. நானூறு மீட்டர் ஓடுவான். ஓடறதுன்னா சும்மா இல்லீங்க, கடைசி நூறு மீட்டர்ல எல்லாரும் திணறுவாங்க, இவன் அங்கதான் ஓட ஆரம்பிப்பான். ஊரு ராசிபுரத்துக்குப் பக்கம். அப்பன் போர்வெல் வண்டில, வருஷத்துல பத்து மாசம் சத்தீஸ்கர்ல கெடப்பாரு. வீட்டுல அம்மாவும் கோகிலான்னு ஒரு அக்காவும். ஹாஸ்டலுக்கு வந்த மொத வருஷமே குடி. அப்பறம் மாத்திரை. எனக்குத் தெரியலீங்க. டைமிங் மட்டும் மோசமாயிக்கிட்டே போச்சு, நான் வேற சோம்பேறின்னு திட்டுனேன். ஒருநாள் காலைல வார்ம்-அப்ல அந்த ரெண்டாவது வளைவுல விழுந்தான் பாருங்க, எந்திரிக்கவே இல்ல.

நான்தான் தூக்கிக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரில ஒம்போது நாள், அப்பறம் சேலத்துல உங்க லாரன்ஸ் சார்கிட்ட நாப்பத்தஞ்சு நாள். ஞாயித்துக்கிழமை ஒண்ணு விடாம பாக்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழம் வாங்கிக்கிட்டுப் போவேன், உப்பு மொளகாய்த்தூள் போட்டது, அவனுக்கு அதுன்னா உசுரு. எனக்குப் பசங்க இல்லீங்க. அதனாலன்னு இல்ல, சும்மா சொல்றேன்.

அப்பத்தான் லாரன்ஸ் சார் சொன்னாரு. நாப்பத்தஞ்சு நாள் நான் பாத்துக்குவேன் சார், ஆனா இவன் திரும்பப் போறது அதே ஹாஸ்டல், அதே ரூம், அதே கூட்டாளிங்க. வாரத்துல ஒரு மணி நேரம் நிம்மதியா உக்கார ஒரு எடம் அங்கயே இல்லைன்னா நிக்காதுன்னாரு. எடம்தானே, என் ஸ்டோர் ரூம் இருக்குதுன்னேன். இந்த ரூம்தானுங்க. ஈட்டியும் ஹர்டில்ஸும் நெட்டும் கெடந்துச்சு, ஒதுக்கிச் சேர் போட்டோம். லாரன்ஸ் சார் புதன்கிழமை புதன்கிழமை பஸ் ஏறி வந்துருவாரு. அவரே பதினாலு வருஷம் முன்னாடி விட்ட ஆளு, அவர் பேசுனா பசங்க கேப்பானுங்க.

பூபாலன் ஒருத்தனோட ஆரம்பிச்சது. ஒரு மாசத்துல நாலு, ஆடி மாசத்துக்குள்ள பன்னெண்டு. எப்படி வந்தானுங்கன்னு கேளுங்க. பி.டி. சார் பந்துக்குக் காத்தடிக்கக் கூப்பிட்டாருன்னு ஹாஸ்டல்ல சொல்லிட்டு வருவானுங்க. நெஜமாவே அடிப்பானுங்க. ஒருத்தன் கையில பம்பு, ஒருத்தன் கையில புட்பால், அடிச்சுக்கிட்டே பேசுவானுங்க. கை சும்மா இல்லைன்னா வாய் தானா பேசும்னு லாரன்ஸ் சார் சொல்லுவாரு. அந்த ஒன்றரை வருஷம் எங்க காலேஜுல காத்து எறங்குன பந்துன்னு ஒண்ணு கெடையாதுங்க.

டீ இங்கயே போடுவோம். அதோ அந்த ஸ்டவ்தான். அதிக நாளாத் தொடாம இருக்கறவன் டீ போட்டு ஊத்தணும். அன்னிக்குப் புதுசா வந்தவனுக்கு மொத டம்ளர். வேற பரிசு, பாராட்டு ஒண்ணும் கெடையாது. பேர் சொல்ல வேண்டியதில்ல, ரிஜிஸ்டர் கூடாது. எனக்கு அந்த ரிஜிஸ்டர் விஷயந்தான் கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கிரவுண்டுல கோ-கோ ஆடுனாக்கூட நான் அட்டெண்டன்ஸ் எடுக்கறவன். கூட்டம் முடியறப்ப எல்லாரும் டம்ளரைக் கீழ வெச்சுட்டு, இங்க பேசுனது இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டு எந்திரிப்பாங்க. அதுதான் முடிவு. நானும் சொல்லுவேன்.

பூபாலன்தான் டீ மாஸ்டர். பெரும்பாலும் அவன்தானே அதிக நாளு. இஞ்சியை நசுக்கிப் போட்டு, ஆத்தி, புதுசா வந்த பையனுக்கு மொத டம்ளரைக் குடுக்கறப்ப ரெண்டு கையாலயும் குடுப்பான். கோயில்ல குடுக்கற மாதிரி. பர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன், மூக்குக்கண்ணாடி, கை அப்படி நடுங்கும், அவன் டம்ளரைப் பூபாலனே பிடிச்சுக்கிட்டு இருப்பான், நடுக்கம் நிக்கற வரைக்கும். நான் பாத்திருக்கேன். எத்தனை கப்பு ஜெயிச்சுக் குடுத்திருக்கானுங்க என் பசங்க, அதையெல்லாம் விட எனக்கு அது பெருசா இருந்துச்சு.

இடையில கொஞ்ச நாள் அவனே ஒரு தடவை தவறுனான். மறைக்காம வந்து சொன்னான், டீ வேலையை வேறொருத்தனுக்கு விட்டுக்குடுத்தான், மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிச்சு, நாள் சேந்தப்பறம்தான் திரும்ப வாங்கிக்கிட்டான். அந்த ரெண்டாவது எண்ணிக்கைதான் இருநூறு வந்துச்சு. கரெக்டா மாசி மாசம், ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு. நான் டைரில கணக்கு வெச்சிருந்தேன். பாருங்க எப்படி அமைஞ்சுதுன்னு. இருநூறாவது நாளும் ஸ்போர்ட்ஸ் டேயும் ஒரே நாளு.

நீங்களே சொல்லுங்க மேடம். நூறு மீட்டர் பதினொண்ணு செகண்டுல ஓடுனவனுக்கு மெடல் போடறோம். இருநூறு நாள் ஓடுனவனுக்கு ஒண்ணுமில்லையா? ஜெயிச்சவனை விக்டரி ஸ்டாண்டுல ஏத்தாம விட்டா அடுத்தவன் எதைப் பாத்து ஓடுவான்? லாரன்ஸ் சார்கிட்ட போன்ல கேட்டேன். வேண்டாம் சார், அவன் நாளு அவனோடதுன்னாரு. அவர் அப்படித்தான், அடக்கமான மனுஷன்.

பூபாலன்கிட்டயும் சொன்னேன். சொல்லாமச் செய்யல, அதை எழுதிக்கங்க. இதே எடத்துல, ஸ்டவ்வைத் தொடச்சுக்கிட்டு இருந்தான். "சார், வேண்டாம் சார். புதன்கிழமை நான் டீ ஊத்தறேன்ல, அது போதும் சார்"னான். "டேய், கூச்சப்படாத கண்ணு"ன்னேன். "கூச்சம் இல்லீங்க சார். இது இங்கயே இருக்கட்டும் சார்"னான். நான் சிரிச்சேன். இருபத்தெட்டு வருஷமாப் பாக்கறேனுங்க, மேடை ஏறப்போற பையன் எவனும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவான்.

ஏன் அவ்வளவு பிடிவாதம்னு நெனப்பீங்க. ஒண்ணு சொல்றேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். சண்முகவடிவேலு. என்னை விட நல்லா ஓடுவான். குடிச்சே செத்தான், முப்பத்திரெண்டு வயசுல. அது வீட்டுக்குள்ள நாலு பேருக்குத்தான் தெரியும். உறவுக்காரங்க வந்தா அவனைப் பின்னாடி ரூம்ல போட்டுப் பூட்டிருவோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு கொண்டு போவல. பூட்டுனது நான்தான். சாவி என் இடுப்புல. செத்ததுக்கு அப்பறம் மாரடைப்புன்னு போஸ்டர் அடிச்சு நானே ஊரெல்லாம் ஒட்டுனேன். மறைச்சு மறைச்சே கொன்னோமுங்க அவனை. அன்னிக்கு நெனச்சேன், இனி எவன் விஷயத்துலயும் மறைக்க மாட்டேன், தம்பட்டம் அடிச்சாவது சொல்லுவேன்னு.

இதை எழுதாதீங்க மேடம். இத்தனை வருஷத்துல எங்கூட்டுக்காரிகிட்டக்கூட முழுசாச் சொன்னதில்ல. வெளிய தெரிஞ்சா நல்லா இருக்காது. எங்க குடும்ப விஷயம்.

எங்க விட்டேன்? ஸ்போர்ட்ஸ் டே. ரிலே முடிஞ்சுது. நான் மைக்கைக் கையில எடுத்தேன். ரெண்டாயிரம் பசங்க, பெத்தவங்க, சீப் கெஸ்ட். மெக்கானிக்கல் மூணாம் வருஷம் பூபாலன், விக்டரி ஸ்டாண்டுக்கு வரவும்னேன். அந்தப் பேச்சை நான் விட்டுட்டேன்னு நம்பி, ஏதோ ஓட்டத்துக்குப் பரிசுன்னு நெனச்சு ஓடியே வந்தான். நடுவுல, ஒண்ணாம் நம்பர் படியில ஏத்தி, பொன்னாடை போத்தி, சொன்னேன். குடிக்கும் போதை மாத்திரைக்கும் அடிமையாக் கெடந்த பையன், இன்னியோட இருநூறு நாள், தொடலைன்னு. கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டலுங்க. எந்த ஓட்டக்காரனுக்கும் அது கெடைச்சதில்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். பொன்னாடை ஜரிகையை விரலால சுருட்டிக்கிட்டே இருந்தான்.

அது முடிஞ்ச கையோட காலேஜ் கேட்டுல பிளக்ஸும் கட்டுனேன், என் செலவு. அவன் படம் போட்டு, போதையை வென்ற வீரன், இருநூறு நாள் சாதனைன்னு. படம் நல்லா வந்திருந்துச்சு, நானே எடுத்தது, டிஸ்ட்ரிக்ட் மீட்ல ஜெயிச்சு வந்து நிக்கற படம். அதுல நல்லாச் சிரிப்பான்.

அதை எவனோ போன்ல பிடிச்சு அனுப்பிட்டான். நான் அனுப்பலீங்க. அனுப்புனவன் தப்பு. ராத்திரிக்குள்ள அவங்க ஊருக்குப் போயிருச்சு. அவங்கம்மா ஊர்ல என்ன சொல்லி வெச்சிருந்திருக்குது? நாப்பத்தஞ்சு நாளும் பையனுக்கு மஞ்சக்காமாலை, பத்தியத்துல வெச்சிருக்கறோம்னு. சத்தீஸ்கர்ல இருந்த அப்பனுக்கும் அதேதான். அந்தாளுக்கு போர்வெல் வண்டில கூட வேலை செய்யறவன் போனைக் காட்டித்தான் சேதி தெரிஞ்சிருக்குது.

ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மா வந்துச்சு. கேட்டுக்கு வெளிய, பிளக்ஸுக்குக் கீழயே நின்னுச்சு, உள்ள வாங்கன்னா வரல. "சார், எம்பட பையனைக் காப்பாத்துனீங்க, அதுக்கு உங்களைக் கும்புட்டுக்கறேன். இதை மட்டும் எறக்கிருங்க சார்"னுச்சு. கோகிலாவுக்கு நிச்சயம் பண்ண நாள் பாத்திருந்தாங்களாம், மாப்பிள்ளை வீட்டுல வேற எடம் பாத்துக்கறோம்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். நான் சொன்னேன், இதுக்குப் போய் வேண்டாங்கற எடத்துல பொண்ணைக் குடுக்காம இருக்கறதே நல்லதுங்கம்மான்னு. தைரியம் சொல்லத்தான் சொன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்துச்சு. திரும்பி பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்துபோச்சு. பிளக்ஸை அன்னிக்கே எறக்கிட்டேனுங்க.

ஹாஸ்டல்ல அவனுக்குப் பேர் வெச்சுட்டானுங்க. இருநூறு. இருநூறு வந்துட்டான், இருநூறுக்குச் சோறு போடுன்னு. மறுநாள் இருநூத்தி ஒண்ணு. அதுக்கடுத்த நாள் இருநூத்தி ரெண்டு. பசங்க வெளையாட்டுத்தானே, விடுடான்னேன். அவன் சொன்னான், "சார், நான் காலைல எந்திரிச்சு எனக்குள்ள எண்ணிக்குவேன் சார். இப்ப எனக்கு முன்னாடி அவனுங்க எண்ணிடறானுங்க"ன்னு. எனக்கு அப்ப அது புரியல. இப்பவும் முழுசாப் புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன்.

அந்தப் புதன்கிழமை சேரைப் போட்டேன். லாரன்ஸ் சார் வரல, கோவம். நாலரைக்குப் பூபாலன் வந்தான். பன்னெண்டு பேருக்குத் தண்ணி வெச்சான், இஞ்சி நசுக்குனான். அஞ்சு மணி ஆச்சு. அஞ்சரை ஆச்சு. ஒருத்தனும் வரல. ஏன்னா பாருங்க, பி.டி. சார் பந்துக்குக் காத்தடிக்கக் கூப்பிட்டாருன்னா எதுக்குன்னு இப்ப ரெண்டாயிரம் பேருக்கும் தெரியும். ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தோம், நானும் அவனும், இந்த வட்டத்துல எதிரும் புதிருமா. அப்பறம் அவன் எந்திரிச்சு அந்த டீயை அப்படியே வெளிய வேலியோரம் ஊத்துனான். டம்ளர்ல எதுலயும் டீ ஊத்தவே இல்ல. இருந்தாலும் பன்னெண்டையும் கழுவிக் கவுத்து வெச்சான். "என்னால சார்"னான். "உன்னால இல்லடா, அவனுங்களுக்குப் பொறாமை"ன்னேன்.

பொறாமை. நான் சொன்னதுதான். என்னவோ வாயில வந்துச்சு.

அதுக்கப்பறம் அவனும் வரல. மாசம் முடியல மேடம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸுக்குப் பின்னாடி பாத்தரம் கழுவற எடத்துல கெடந்தான். நான் போய்த் தூக்குனேன். கண்ணைத் தொறந்து என்னைப் பாத்து சிரிச்சான். பிளக்ஸ்ல இருந்த அதே சிரிப்பு. "சார், இப்ப எத்தனை சார்? நீங்க சொல்லுங்க சார், மைக்கு இல்லாட்டியும் பரவால்ல"ன்னான். பூச்சியம்னு நான் என் வாயால சொல்லணுமாம். சொல்லலீங்க. தோள்ல சாத்திக்கிட்டு நடந்தேன். அவன் என் காதுகிட்ட எத்தனை சார், எத்தனை சார்னு கேட்டுக்கிட்டே வந்தான்.

மேனேஜ்மெண்ட்டுல டி.சி. குடுத்துட்டாங்க. நான் போய்ச் சண்டை போட்டேன். மேடை ஏத்தாம இருந்திருந்தா கண்டுக்காம விட்டிருப்போம் சார், இப்ப காலேஜ் பேர் போவுதில்லைன்னாங்க. ரெண்டே செமஸ்டர் பாக்கி. அந்த மூக்குக்கண்ணாடி பையன் இருந்தான்ல, அவனையும் பங்குனிக்கு அப்பறம் காணோம். விசாரிக்கலாம்னா பேர் தெரியாது. ரிஜிஸ்டர் வெச்சிருந்தா பேராவது தெரிஞ்சிருக்கும்னு மொதல்ல நெனச்சேன். ரிஜிஸ்டர் வெச்சிருந்தா அவன் மொதல் நாளே வந்திருக்க மாட்டான், அதுவும் தெரியுது.

உங்க இல்லத்துக்கு மூணு ஞாயித்துக்கிழமை வந்தேன் மேடம், கொய்யாப்பழம் வாங்கிக்கிட்டு. பூபாலன் பாக்க விரும்பலைன்னு கேட்லயே சொல்லிட்டாங்க. மூணாவது தடவை பழத்தைக் கேட்டுக்கு மேல வெச்சுட்டு வந்தேன். சாப்பிட்டானான்னு தெரியாது.

சரி, அதெல்லாம் போவட்டும். நீங்க ஒண்ணுமே எழுதலையே. என்ன கேக்கணுமோ கேளுங்க. எப்படி நடத்தறதுன்னு தெரிஞ்சுக்கத்தானே வந்தீங்க?

இல்லீங்களா?

அப்ப எதுக்கு?

சாவியா?

ம். லாரன்ஸ் சார் போன்ல ஒரு மாதிரி இழுத்தப்பவே எனக்குத் தோணியிருக்கணும். புதன்கிழமை கூட்டத்தை இனி நீங்க நடத்தப் போறீங்க. நல்லதுங்க. நடத்துங்க. ரூம் இருக்குது, ஸ்டவ்வு இருக்குது, டம்ளர் எல்லாம் கழுவித்தான் இருக்குது. நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். வேண்டாமா? சரி, வெளிய வாசல்ல நின்னுக்கறேன், வர்ற பசங்களுக்கு வழி காட்ட. அதுவும் வேண்டாமா? அந்த வேப்பமரத்தடியில? அங்கருந்து பாத்தா யாரு வர்றா, யாரு போறான்னு தெரியும்...

ஆமாங்க. தெரியும். அதான் வேண்டாங்கறீங்க.

நான் நிக்கறதாலதான் வரலைங்கறீங்க. எட்டு மாசமா, இந்த வாசல்ல நான் நிக்கறதாலதான்.

ஒரு நிமிஷம் இருங்க மேடம்.

ஒண்ணுமில்ல. சுண்ணாம்புத் தூசு.

என் தம்பி விஷயம் சொன்னேன்ல, அது இங்கயே இருக்கட்டுமுங்க. லாரன்ஸ் சார்கிட்டக்கூட வேண்டாம். அது நம்ம ரெண்டு பேரோட... இதைத்தான் மேடம் அவனும் சொன்னான். இதே எடத்துல, ஸ்டவ்வைத் தொடச்சுக்கிட்டு. இது இங்கயே இருக்கட்டும் சார்னு. என்கிட்டத்தான் சொன்னான். நான் சிரிச்சேன்.

இந்தாங்க சாவி. பெருசு பூட்டுக்கு, சின்னது பீரோவுக்கு. பூட்டைக் கொஞ்சம் மேல தூக்கித் தொறக்கணும். இன்னிக்குப் புதன்கிழமை, நாலு இருபத்தஞ்சு ஆயிருச்சு, பசங்க வர்ற நேரம், நான் கெளம்பறேன். கிரவுண்டு வழியாப் போவ மாட்டேன், பின்னாடி சுத்திப் போயிடறேன். பம்பு அந்த மூலையில இருக்குது. பந்து எல்லாத்துலயும் காத்து எறங்கிப் போச்சு, நான் அடிக்கல. அவனுங்க அடிப்பானுங்கன்னு வெச்சிருந்தேன்.

மேடம், ஒண்ணே ஒண்ணு. பூபாலனுக்கு இப்ப எத்தனை நாளு...

வேண்டாம். சொல்லாதீங்க.